புதுச் சீப்பு

இயேசு மரி சூசை

குடியாத்தம்
9.11.1997

என் பிரியமான தம்பி ஆண்டனிக்கு அக்கா பிரிசில்லா எழுதுவது. நான் சுகம். நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

வருஷத்துக்கு ஒரு வாழ்த்து அட்டையோடு சரி என்று இருக்கிற அக்கா நவம்பரிலேயே கடிதம் போடுகிறாளே, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மே மாதத்தோடு என் தையல் டீச்சர் வேலை முடிந்தது. முப்பத்தோரு வருஷம். கான்வென்ட்டில் ஒரு சால்வை போர்த்தி, சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்து அனுப்பிவைத்தார்கள். மணி அடித்தால் எழுந்து பழகிய உடம்பு. இப்போது அந்தக் கடிகாரம் அடித்தாலும் எழுந்துவிடுகிறேன், எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் பெங்களூர் வருகிறேன். வரலாமா என்று கேட்கவில்லை, வருகிறேன் என்று சொல்கிறேன். போன கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து வந்து, பக்கத்து வீட்டில் கொடுத்தனுப்பிய பிரியாணியைத் தட்டில் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்தேன். நாலு வாய் சாப்பிட்டுவிட்டு மீதியை மூடி வைத்தேன். இனி ஒரு கிறிஸ்துமஸ் இப்படிச் சாப்பிடுவதில்லை என்று அந்தத் தட்டைக் கழுவும்போதே முடிவு செய்துவிட்டேன். நான் ஒன்று நினைத்தால் நினைத்ததுதான் என்பது உனக்குத் தெரியும்.

உன் மகள் ஜூடித்துக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கவுன் தைத்துக் கொடுத்த எனக்கு என் தம்பி மகளின் தோள் அளவு தெரியாது. இதை வெளியே சொன்னால் வெட்கக்கேடு. தோள், மார்பு, உயரம் மூன்றும் எழுதி அனுப்பு.

உன் பெண்டாட்டி விஷயம். கோயிலில் வைத்துத் தாலி கட்டாமல், ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டு ஒரு பெங்களூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டாய். நான் வரவில்லை. எட்டு வருஷத்தில் அந்தக் கோபம் நிறையத் தேய்ந்துவிட்டது. முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அவள் கன்னடத்தில் பேசட்டும், நான் தமிழில் பேசுகிறேன். நடுவில் குழந்தை இருக்கிறாள். நாலு நாள் ஓடிவிடும்.

கல்கல் பலகாரம் செய்யப் புதுச் சீப்பு வாங்கிவிட்டேன். அம்மா இருந்தவரை டிசம்பர் வந்தால் ஒரு புதுச் சீப்பு வாங்குவாள் இல்லையா, மாவு உருண்டையை அதன் பல்லில் வைத்து அழுத்திச் சுருட்ட? நீ ஒருமுறை அதை எடுத்துத் தலை வாரிவிட்டு முதுகில் இரண்டு வாங்கினாய். அதெல்லாம் ஜூடித்துக்குச் சொல்ல வேண்டும்.

உன் அக்கா,
பிரிசில்லா


மர்பி டவுன், பெங்களூர்
16.11.1997

அன்புள்ள அக்காவுக்கு ஆண்டனியின் வணக்கம்.

உன் கடிதம் கிடைத்தது. பீன்யா ஃபேக்டரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டிலும் அதைத்தான் படித்துக்கொண்டு போனேன். உன் கையெழுத்து இன்னும் அளவெடுத்துத் தைத்தது போலவே இருக்கிறது.

அக்கா, நீ வர வேண்டாம்.

வீடு சின்னது, எனக்கு ஓவர்டைம் இருக்கிறது, டிசம்பர் குளிர் உனக்கு ஒத்துக்கொள்ளாது என்றெல்லாம் எழுதி ஒரு தாளைக் கிழித்துப் போட்டேன். அதெல்லாம் சாக்கு. உன்னிடம் சாக்குச் சொல்லி நான் எப்போது ஜெயித்திருக்கிறேன்? உண்மையைச் சொல்கிறேன். நீ வருகிறாய் என்று காந்தாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை விட்டுத் திரும்பாமலே, “வரட்டும். நா எங்கம்மா வூட்டுக்குப் போயிடறேன்” என்றாள். அவள் அம்மா வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் நீ இங்கே இருக்க அவள் அங்கே இருந்தால் அது என்ன கிறிஸ்துமஸ்?

அவள் கோபக்காரி இல்லை அக்கா. யாரிடமும் முகம் கோணாதவள். உன் விஷயத்தில் மட்டும்தான் இப்படி. கல்யாணமான வருஷம் நீ செய்தது உனக்கே தெரியும். அதை என் கையால் எழுத எனக்கு இஷ்டமில்லை.

இங்கே நாங்கள் ஸ்டார் கட்டுகிறோம், குடில் வைக்கிறோம், கோயிலுக்குப் போகிறோம். கேக் கடையில் வாங்குகிறோம். கல்கல் மட்டும் செய்வதில்லை. இந்த வீட்டில் அந்தப் பேச்சை எடுக்க மாட்டோம்.

ஜூடித் அளவு தனித் தாளில் இருக்கிறது. அத்தை கவுன் தைக்கப்போகிறாள் என்றதும் டேப்பைப் பிடுங்கித் தானே சுற்றிக்கொண்டாள். இடுப்பு அளவில் ஓர் அங்குலம் தள்ளிக்கொள். கீழே அவளே உனக்கு ஒரு வரி எழுதியிருக்கிறாள்.

உன் தம்பி,
ஆண்டனி

ಅತ್ತೆ ಎಪ್ಪೊ ವರುವೀಂಗ


குடியாத்தம்
21.11.1997

தம்பி ஆண்டனிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது. டிசம்பர் 23, காட்பாடியில் ஏறி மத்தியானம் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்குகிறேன். ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கினேன். இனி நீ வேண்டாம் என்று எழுதித் தபால் தலையை வீணாக்காதே.

நான் செய்தது எனக்கே தெரியும் என்று எழுதியிருக்கிறாயே, என்னப்பா செய்தேன்? கல்யாணத்துக்கு வரவில்லை. சரி. அதில் கோபப்பட வேண்டியவள் நான். தம்பி என்று என் பன்னிரண்டு வயதிலிருந்து உன்னைத் தூக்கி வளர்த்தவளுக்கு ஒரு வார்த்தை கேட்காமல் நீ கல்யாணம் பண்ணிக்கொண்டாய். உன் பெண்டாட்டிக்கு என்ன வந்தது? என்னை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் வந்தால் அம்மா வீட்டுக்குப் போகிறாளாம். போகட்டும். இரண்டு தெருதானே, நானும் பின்னாடியே போய் அங்கேயே இலை போடச் சொல்கிறேன்.

குழந்தை எழுதியதைப் பார்த்தேன். வட்டம் வட்டமாக அழகாகத்தான் இருக்கிறது. தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டேன், ஓர் எழுத்தும் புரியவில்லை. ஆண்டனி, எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. பெற்ற மகளுக்கு நாலு எழுத்து தமிழ் சொல்லிக்கொடுக்க உனக்கு நேரமில்லையா? அவள் என்னிடம் என்னவோ சொல்கிறாள், எனக்குக் கேட்கவில்லை.

உன் பெண்டாட்டியும் இதைத்தான் செய்தாள். கல்யாணமான வருஷம் டிசம்பரில் கன்னடத்தில் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினாள். கல்யாணத்துக்கு வராததற்குத் திட்டுகிறாள் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் இதுதான் என் பாஷை, முடிந்தால் படித்துக்கொள் என்று திமிர் காட்டுகிறாள் என்று நினைத்தேன். கிழித்துப் போடப் போனேன், மேலே உன் விலாசம் இருந்தது, மனசு வரவில்லை. மெஷின் டிராயரில் போட்டேன். பாபின்களுக்கு அடியில் இன்னும் கிடக்கிறது. அதை நான் ஒரு நாளாவது சொல்லிக்காட்டினேனா? நான் சும்மா இருந்தேன். அவள்தான் கோபித்துக்கொள்கிறாளாம்!

கவுனுக்கு மஞ்சள் துணி வெட்டிவிட்டேன். இடுப்பில் ஓர் அங்குலம் தள்ளியிருக்கிறேன்.

அக்கா பிரிசில்லா


பெங்களூர்
27.11.1997

அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததில் இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டேன். இன்று எனக்கு அரை நாள் லீவு போயிற்று. அது போகட்டும்.

ஜூடித் எழுதியது கன்னடம் இல்லை. தமிழ். “அத்தை எப்போ வருவீங்க” என்று எழுதியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது கன்னட எழுத்து. வீட்டில் பேசுவது தமிழ். தெரிந்த எழுத்தில் தெரிந்த பேச்சை எழுதுகிறாள். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான், பால் கணக்கு முதல் கல்யாணப் பத்திரிகை வரை. நானும் வேலைக்கு வந்த புதிதில் பஸ் போர்டு பார்த்து அந்த எழுத்தைப் படித்துக்கொண்டேன்.

காந்தாவும் அப்படித்தான் எழுதுவாள். அவள் கன்னடக்காரி என்று யார் உனக்குச் சொன்னது? அவள் தாத்தா பேர்ணாம்பட்டிலிருந்து வந்தவர். உன் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் எத்தனை நேரம்? நான் சொன்னதில்லைதான். நீயும் கேட்டதில்லை.

அந்தக் கடிதத்தை நீ யாரிடமாவது கொடுத்துப் படித்துக் கேட்டிருப்பாய் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். கேட்டுவிட்டுத்தான் அப்படிச் செய்தாய் என்று. அக்கா, டிராயரைத் திற. அதில் என்ன இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். அவள் எனக்குத் தெரியாமல் எழுதியது, நான் பார்த்ததில்லை; எழுதினேன் என்று அப்புறம்தான் சொன்னாள்.

ஆண்டனி


குடியாத்தம்
3.12.1997

ஆண்டனி,

பின்தெருவில் சீனிவாசராகவன் என்று ஒருவர் இருக்கிறார். பங்காருப்பேட்டையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். கன்னடம் நன்றாகப் படிப்பார். அவர் பேத்திகளுக்குப் பாவாடை தைத்துக் கொடுத்திருக்கிறேன். கடிதத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியைப் படித்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன டீச்சர், இதைப் போய்க் கன்னடம்னு எடுத்துண்டு வந்திருக்கேளே! எழுத்துதான் கன்னடம். பாஷை நம்ம தமிழ்.”

நீ எழுதியிருந்தாய், நானும் தெரிந்துகொண்டுதான் போனேன். ஆனாலும் இன்னொருவர் வாயால் கேட்டபோதுதான் நம்பினேன். அவர் படிக்கப் படிக்க நான் தமிழில் எழுதிக்கொண்டேன். நீ பார்த்ததில்லை என்கிறாய். அப்படியே எழுதுகிறேன்:

“பிரிசில்லா அக்காவுக்கு காந்தா நமஸ்காரம். இந்த லெட்டர் போடறது உங்க தம்பிக்குத் தெரியாது. எனக்கு இப்போ அஞ்சாம் மாசம். கிறிஸ்துமஸ் வருது. எங்க வூட்ல அந்தப் பழக்கம் இல்ல. ஸ்டார் எப்ப கட்டணும், குடில்ல எதை எங்க வெக்கணும், ஒண்ணும் தெரியாது. அவரைக் கேட்டா எங்க அக்காவுக்குத்தான் தெரியும்னு சொல்லிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. கண்ணு கலங்கறத நா பாக்கக் கூடாதாம். கல்கல்னு ஒண்ணு சொன்னாரு, புதுச் சீப்பு வெச்சி செய்வாங்கன்னாரு. சீப்பு வாங்கி வெச்சிட்டேன். எப்படி செய்யறதுன்னு தெரியல. நீங்க வந்து காட்டணும். எம்மேல கோவம்னு தெரியும். திட்டறதுன்னா வந்து திட்டுங்க. எனக்குத் தமிழ் எழுத்து படிக்க வராது. நீங்க பதில் போட்டா அவரு கையில குடுத்துதான் படிக்கணும், அவருக்குத் தெரிஞ்சிடும். அதனால பதில் போடாதீங்க. பதில் வரலன்னா நீங்க வர்றீங்கன்னு அர்த்தம். இருபத்திமூணாம் தேதி மத்தியானம் வண்டிக்கு நானே கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு வரேன். பச்சைப் புடவை கட்டியிருப்பேன். சாயங்காலம் கடைசி வண்டி வரைக்கும் நிப்பேன். வந்துடுங்க அக்கா. வயித்துல இருக்கறதுகிட்ட அத்தை வராங்கன்னு சொல்லிட்டேன்.”

இவ்வளவுதான். சார் கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். நான் அழட்டும் என்று போனார் போலிருக்கிறது. நல்ல மனுஷர்.

பதில் வராவிட்டால் வருகிறேன் என்று அர்த்தமாம். நான் பதில் போடவில்லையே, ஆண்டனி! போடாமல் இருந்ததைப் பெரிய பெருந்தன்மை என்று வேறு போன கடிதத்தில் எழுதியிருக்கிறேன்.

அவள் பேர்ணாம்பட்டுக்காரியா, மைசூர்க்காரியா என்பது இப்போது பேச்சில்லை. அவள் கன்னடத்திலேயே எழுதியிருந்தாலும் பின்தெருவுக்கு நடந்துபோய் என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்க வேண்டியவள் நான். ஐந்து நிமிஷ நடை. எட்டு வருஷமாக நடக்கவில்லை.

எனக்கு ஒன்று மட்டும் சொல். அன்றைக்கு அவள் போனாளா? சாயங்காலம் வரை நின்றாளா? என் மனம் நோகும் என்று மறைக்காதே. நோகட்டும்.

பிரிசில்லா


பெங்களூர்
8.12.1997

அன்புள்ள அக்காவுக்கு,

போனாள். நின்றாள்.

நான் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. அவள் அம்மா வீட்டிலும் இல்லை. தெருத்தெருவாகத் தேடிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்கு நடந்து வந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தது. கையில் ஒரு தூக்கில் எலுமிச்சை சாதம். நீ பசியோடு வருவாய் என்று கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். திறக்கவேயில்லை. “நாலு வண்டி பாத்தேன். ஒவ்வொரு பொம்பளையா போய்க் கேட்டேன்” என்றாள். அடுத்த டிசம்பரில் நான் கல்கல் செய்யலாமா என்று கேட்டதற்கு, “வேணாம்” என்று ஒரே வார்த்தை.

நீ எழுதியதை முழுசாக அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஜூடித்துக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் போட்ட பின்னலைப் பிரித்து மறுபடி முதலிலிருந்து போட்டாள். வரட்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இதற்குமேல் அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை அக்கா.

23ஆம் தேதி லீவு சொல்லிவிட்டேன். ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன்.

ஆண்டனி


குடியாத்தம்
13.12.1997

தம்பி ஆண்டனிக்கு,

நீ ஸ்டேஷனுக்கு வராதே. வந்தால் உன்னோடு பேச மாட்டேன். நிஜமாகச் சொல்கிறேன். லீவைக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வைத்துக்கொள்.

இதோடு காந்தாவுக்கு அவள் எழுத்திலேயே ஒரு கார்டு தனியாகப் போடுகிறேன். நீ படித்துக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. பத்து நாளாகச் சீனிவாசராகவன் சாரிடம் உட்கார்ந்து கன்னட எழுத்து படிக்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில் சிலேட்டும் பலப்பமும். அவர் பேத்திகள் ஜன்னலில் நின்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், பாவாடைக் கொக்கியை அடுத்த தடவை இறுக்கி வைக்கிறேன். எல்லா எழுத்தும் ஒரே வட்டமாகத்தான் எனக்குத் தெரிகிறது, தலையில் போடும் கொண்டியில்தான் வித்தியாசம். அந்த ஒரு கார்டை எழுத எட்டு கார்டு கிழித்தேன். ஒன்பதாவதைச் சாரிடம் காட்டாமலே தபாலில் போடுகிறேன். என் தப்பு என் தப்பாகவே போகட்டும்.

அக்கா


குடியாத்தம்
13.12.1997

காந்தாவுக்கு பிரிசில்லா அக்கா எழுதறது. எழுத்து தப்பு இருக்கும். உன் லெட்டரை இப்பதான் படிச்சேன். தப்பு என்னுது. இருபத்திமூணாம் தேதி மத்தியானம் வண்டியில கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு வரேன். பிச்சைப் புடவை கட்டியிருப்பேன். சாயங்காலம் கடைசி வண்டி வரைக்கும் நிப்பேன். நீ வரலன்னா திரும்பிப் போயிடுவேன். அடுத்த வருஷம் அதே தேதிக்கு மறுபடி வந்து நிப்பேன். அதுக்கு அடுத்த வருஷமும். பதில் போடாதே.


மர்பி டவுன்
17.12.1997

பிரிசில்லா அக்காவுக்கு காந்தா எழுதறது.

பதில் போடாதேன்னு எழுதியிருக்கீங்க. பதில் போடலன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அதான் போடறேன். சீனிவாசராகவன் சார்கிட்ட எடுத்துக்கினு போவாதீங்க. நீங்களே ஒவ்வொரு எழுத்தா கூட்டிப் படிங்க. எத்தினி நேரமானாலும் பரவால்ல. பெரிசு பெரிசா எழுதியிருக்கேன்.

உங்க கார்டை ஜூடித்துதான் சத்தமா படிச்சா. பச்சைப் புடவைன்னு எழுதறதுக்கு ஒரு சுழி ஜாஸ்தி போட்டு பிச்சைப் புடவைன்னு எழுதிட்டீங்க. அத்தை ஏம்மா பிச்சைப் புடவை கட்டிக்கினு வராங்கன்னு கேட்டா. நா சிரிச்சிட்டேன். சிரிச்சிக்கினே இருந்தவ அப்புறம் அழுதுட்டேன். எட்டு கார்டு கிழிச்சீங்கன்னு அவரு சொன்னாரு.

சிரிச்சதால கோவம் போயிடுச்சின்னு நெனைச்சிக்காதீங்க. இருக்குது. ஸ்டேஷன்ல ஒண்ணும் பேச மாட்டேன். வூட்டுக்கு வந்து நீங்க சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் சண்டை போடுவேன். நீங்க தலையக் குனிஞ்சிக்கினு உக்காரக் கூடாது, பதிலுக்குப் பேசணும். எனக்கும் ரெண்டு திட்டு பாக்கி இருக்குது. இவரு என் எழுத்தைப் படிக்கிறாரே, அவங்க அக்கா டீச்சர் ஆச்சே, படிக்காமலா இருப்பாங்கன்னு நெனைச்சேன். பதில் வேற போடாதீங்கன்னு எழுதினேன். இருபது வயசுப் புத்தி.

நீங்க பச்சைப் புடவை கட்ட வேணாம். நா கட்டிக்கினு வரேன், அன்னிக்குக் கட்டினதே. ஜூடித்து உங்க மஞ்சக் கவுனுக்காக இப்பவே குதிச்சிக்கினு இருக்கா. எலுமிச்சை சாதம் கட்டிக்கினு வருவேன். வண்டில எதுவும் வாங்கித் தின்னாதீங்க.

புதுச் சீப்பு வாங்கி வெச்சிருக்கீங்களாம். எடுத்துக்கினு வராதீங்க. அன்னிக்கு வாங்கினது இருக்குது. எட்டு வருஷமா அதுல யாரையும் தலை வார வுடல.

காந்தா